வாவியின் நடுவில் ஒரு சிவப்புச் சட்டை

கொழும்பு விமான நிலையத்தில் என் ட்ரோனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீதைக் கொடுத்தார்கள். தவறு என்னுடையதுதான். வெளிநாட்டிலிருந்து ட்ரோன் கொண்டுவருகிறவர் முன்கூட்டியே அனுமதி எழுதி வாங்கியிருக்க வேண்டுமாம். “ரெண்டு நாள் வேலைதான் சார், மேல ஏத்தி ஒரே ஒரு படம்” என்று கெஞ்சிப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கோபப்படவே இல்லை. “இதை நீங்கள் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறீர்கள். எங்கள் சட்டத்தில் இது விமானம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, திரும்பிப் போகும்போது வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். ‘கேமராவோட போனாப் போதாதா?’ என்று புறப்படும்போதே கேட்டவள் என் மனைவி. ஊர் திரும்பும்வரை இந்த விஷயத்தை அவளிடம் சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நாட்காட்டிக்குப் படம் எடுக்கிறவன். இருபது வருடமாக லட்சுமி, முருகன், குழந்தை, ரோஜாப்பூ. கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் காத்தான்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சலீம் ஹாஜியார் ஒவ்வொரு வருடமும் எங்களிடம்தான் நாட்காட்டி அடிக்கிறார். இந்த வருடம் அவருக்கு ரோஜாப்பூ அலுத்துவிட்டது. மட்டக்களப்பு வாவி, அதன் நடுவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் படகு, இரண்டையும் வானத்திலிருந்து எடுத்த படம் வேண்டும் என்றார். முதலாளி என்னை அனுப்பிவைத்தார்.

மட்டக்களப்பில் இறங்கி காத்தான்குடிக்குப் பேருந்து ஏறினேன். ஏறின பிறகு நான் மனிதனாக இல்லை. ஒரு பக்கம் கடல் இருக்கிறது என்கிறார்கள், மறுபக்கம் வாவி தென்னைகளுக்கிடையே வந்து வந்து போகிறது. கண்மாயில் தண்ணீர் கிடந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரும் ஊர் எங்களுடையது. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்ததில் காத்தான்குடி போயே போய்விட்டது. பக்கத்து இருக்கை அம்மா என் கையிலிருந்த விலாசத்தை எட்டிப் பார்த்தார்.

“காத்தான்குடி பின்னால போயிட்டு தம்பி. ஆரையம்பதியில இறங்கி, கிறுகி வாங்க.”

கிறுகி என்றால் திரும்பி. அதையும் அவரே சொல்லித் தந்தார். ஆரையம்பதியில் இறங்கியதற்கு நான் வருத்தப்படவில்லை. எதிரே ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. புட்டும் இறால் கறியும் வைத்து, கேட்காமலே அதன்மேல் சொதியை ஊற்றினார்கள். சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைக்கும் மஞ்சள் குழம்பு. எங்கள் ஊரில் புட்டென்றால் சீனி போட்டுச் சாயங்காலம் தின்பது. எண்ணெய்ப் பரோட்டாவில் வளர்ந்த வயிறு இரண்டாவது தட்டும் கேட்டது.

ஹாஜியார் வீட்டில் மறுபடியும் சாப்பாடு. முடித்ததும் சட்டியோடு எருமைத் தயிரும், அதன்மேல் ஊற்றக் கித்துள் பாணி என்கிற பனைப்பாகும் வந்தன. ட்ரோன் போன கதையைச் சொன்னேன். மனிதர் அசையவில்லை.

“அதுக்கென்ன, ஜெனிற்றா இரிக்கிறாதானே. என்ட மகள்ட கலியாணத்துக்கு அவதான் படம் புடிச்ச. இந்தப் பக்கத்தில காயிதம் எல்லாம் சரியா வெச்சிருக்கிற ஆள் அவதான்.”

“லட்சுமி படத்தை விட்டுட்டுத் தண்ணியைக் கேக்குறீங்களே பாய், கடைக்கு வர்றவங்க என்ன சொல்வாங்க?” என்று கேட்டேன்.

“எங்கட கடைக்கு எல்லாரும் வாற. கோயில் படம் போட்டா ஒரு ஆள் கேப்பார், பள்ளிப் படம் போட்டா இன்னொரு ஆள் கேப்பார். இந்தத் தண்ணியில எல்லாரும் மீன் திண்டிரிக்கம். யாரும் கேக்க மாட்டாங்க” என்று தயிர்ச்சட்டியை என் பக்கம் தள்ளினார்.

ஜெனிற்றா மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், மட்டக்களப்பு நகரத்தில் மெதடிஸ்த குடும்பம். நான் “மேடம்” என்றதும், “ஐயோ அண்ணன், எனக்கு ரீச்சர் வேலை பார்க்க ஏலா. ஜெனிற்றா எண்டே கூப்பிடுங்க” என்றார். ட்ரோனை வெளியே எடுப்பதற்கு முன்பே காகிதக் கோப்பு ஒன்றை மேசையில் வைத்தார். பதிவுச் சான்றிதழ், காப்புறுதி, அமைச்சின் அனுமதி எல்லாம் வரிசையாக இருந்தன. ட்ரோனின் வயிற்றில் பதிவு எண் ஒட்டியிருந்தது. கோப்பில் எல்லாவற்றுக்கும் முதலில் இருந்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

“இதை முதல்ல பாருங்க. மறுகா வேலை பேசுவம்.”

போன வருடம் ஒரு கலியாண வீட்டில் படம் எடுக்கும்போது காற்று தூக்கிக்கொண்டுபோய் ட்ரோனை ஒரு ராணுவ முகாம் மதிலுக்கு உள்ளே போட்டுவிட்டதாம். போன ட்ரோன் திரும்பிவர ஏழு மாதம். “அந்த ஏழு மாசமும் எங்கட வீட்டுச் சோறு அம்மாட தையல் மிசின்லதான் வந்திச்சு” என்றார். இன்னொரு முறை அனுமதித்த எல்லையைத் தாண்டினால் பதிவையே இரத்து செய்வோம் என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. பதிவு போனால் தொழில் போயிற்று. கலியாண வீடு, தேவாலயத் திருவிழா, வெள்ளம் வடிந்ததும் வட்டை என்று இங்கே சொல்லும் வயல்வெளிகளின் அழிவைப் படம் எடுத்துக் கொடுப்பது, எல்லாம் அதோடு சரி.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்ததை மறைக்க மாட்டேன். பட்டாசு ஊர்க்காரன் நான். எந்த அறையில் எத்தனை கிலோ மருந்து, எத்தனை ஆள் என்று எங்களுக்கும் உரிமம் உண்டு. ஜீப் சத்தம் கேட்டால் கூடுதல் ஆட்கள் எப்படிப் பின்வாசல் வழியாகக் காணாமல் போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் பெண் விதியைப் பாடப்புத்தகம்போல் நம்புகிறாரே என்று நினைத்தேன்.

படம் எடுக்க வேண்டிய இடம் குருமன்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே. வாவியின் கிழக்குக் கரையை இங்கே எழுவான்கரை என்கிறார்கள், மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம், படுகிற பக்கம், அவ்வளவுதான். குருமன்வெளி எழுவான்கரையில், மண்டூர் படுவான்கரையில். இரண்டு கரைக்கும் இரண்டு பொலிஸ் நிலையம். நாங்கள் எழுவான்கரை நிலையத்துக்குப் போனோம். பொறுப்பதிகாரி சிங்களவர், தமிழ் ஓரளவு வரும். வரைபடத்தை விரித்து, தண்ணீரில் விரலை வைத்தார். தான் அனுமதி தருவது தன் பாதிக்குத்தான், அந்தப் பாதிக்கு அந்த நிலையம் தர வேண்டும் என்றார். அந்த நிலையப் பொறுப்பதிகாரி அன்று மட்டக்களப்பு நீதிமன்றத்தில் இருந்தார்.

“பாதி எங்க சார் இருக்கு? தண்ணில கோடா போட்டிருக்கீங்க?” என்று எகிறினேன். ஜெனிற்றா என் காலை மிதித்தார்.

அதிகாரி அதைக் கேட்டுக் கோபப்படுவதற்குப் பதிலாக யோசனையில் விழுந்தார். பக்கத்திலிருந்த கான்ஸ்டபிளிடம் சிங்களத்தில் பேசினார். ஜெனிற்றா என் காதுக்குள் மொழிபெயர்த்தார். ‘இவர் கேட்பது நல்ல கேள்வி. வரைபடத்தில் நீலம் மட்டும்தான் இருக்கிறது. மீன்காரர்களைக் கேட்டால் தெரியும், அவர்கள் இதற்காகச் சண்டை போட்டவர்கள்.’

நால்வருமாகக் கரைக்குப் போனோம். வலையில் சிக்கிய பாசியைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்துகூட நிற்காமல் கையை நீட்டினார். தூரத்தில் தண்ணீருக்கு நடுவே ஒரு கம்பு, அதில் ஒரு பழைய சிவப்புச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

“அதுதான் எல்லை. ஒரு வருசம் நாங்க சட்டை மாத்துவம், மறு வருசம் அவங்க. இது அவங்கட சட்டை.”

“வலை காத்துல அந்தப் பக்கம் போயிட்டா?” என்று கேட்டேன்.

“போகும்தான். போனா நாங்களே அங்கால போய், இன்னாற்ற வலை வந்திட்டு எண்டு சொல்லித்தான் எடுப்பம். தேத்தண்ணியும் தருவாங்க. சொல்லாம எடுத்தா களவு.”

அரை மணி நேரத்தில் அனுமதிக் கடிதம் தயாரானது. ‘வாவியின் நடுவே சிவப்புச் சட்டை கட்டிய கம்பு வரை’ என்று அதில் எழுதி, அதன்மேல் அரசாங்க முத்திரையும் விழுந்தது. என் வாழ்நாளில் இப்படியொரு அரசுக் கடிதத்தைப் பார்த்ததில்லை. படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு ஜெனிற்றா, “முதல்ல வேலையைப் பாருங்க அண்ணன்” என்றார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் குருமன்வெளி. இங்கே வாவியைக் கடக்கும் படகுக்குப் ‘பாதை’ என்று பெயர். இரண்டு வள்ளங்களுக்கு மேல் பலகை அடித்து மேடையாக்கி, இயந்திரத்தால் ஓட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள், ஆட்டோ, குடை பிடித்த ஆசிரியைகள், முருங்கைக்காய்க் கட்டு, எல்லாம் ஏறி நின்றன. இயந்திரம் மட்டும் கிளம்பவில்லை. நல்ல வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் வீணாகிக்கொண்டிருந்தது. நான் கரையில் நடந்து நடந்து மணலில் பள்ளம் விழுந்தது. பாதையில் நின்றவர்களோ சாவகாசமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆசிரியை கரையைப் பார்த்து, “ஏன் கா, அந்த அண்ணனுக்கு வயித்துக்க சரியில்லயோ?” என்று ஜெனிற்றாவிடம் கேட்டார்.

ஒருவழியாகக் கிளம்பியது. ஜெனிற்றா ட்ரோனை ஏற்றினார். இரண்டு விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி நான் கேமராவை வைத்துக்கொடுத்தேன். திரையில் வாவி விரிந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மண்டூர்க் கரை சட்டகத்துக்குள் வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் அங்கால” என்று அவர் பாஷையிலேயே கேட்டுப் பார்த்தேன்.

“கம்பு, அண்ணன்.”

“ஒரு பத்தடி…”

“கம்பு” என்றார் மறுபடியும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் பருந்து வந்தது. ஒரே ஒரு செம்பருந்து. ஜெனிற்றா சட்டென்று ட்ரோனை உயர்த்தினார். பருந்து அதற்கும் மேலே போய் ஓர் அடி அடித்தது. இறக்கை ஒன்று உடைந்த ட்ரோன் காற்றோடு சரிந்து, சுழன்று, சிவப்புச் சட்டையைத் தாண்டி, படுவான்கரைப் பக்கம் நட்டிருந்த வலைக் கம்புகளுக்கு நடுவே விழுந்தது. ஜெனிற்றா கட்டுப்படுத்தும் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. அந்த எச்சரிக்கைக் கடிதம் என் கண்ணுக்குள்ளும் வந்தது.

அடுத்த பாதையில் ஸ்கூட்டரோடு அக்கரை போனோம். தவராசா என்கிற மீனவர் தோணியோடு கரைக்கு வந்துகொண்டிருந்தார். ட்ரோன் அவர் மடியில் இருந்தது.

“என்ட வலையில கோழி வந்து குந்தினாப்போல கிடந்திச்சு. தண்ணி படல்ல” என்று பத்திரமாகக் கொடுத்தார்.

ஜெனிற்றா உடைந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் உள்ளேயிருந்த, படம் பதிவாகும் சிறிய அட்டையை எடுத்து என் போனில் செருகினேன். விழும்போதும் கேமரா எடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பெரும்பாலும் ஆகாயமும் கலங்கலும். ஒன்றில் மட்டும் கை நின்றுவிட்டது. வாவி முழுவதும் குறுக்காகச் சாய்ந்து கிடந்தது. நடுவில் பாதை, அதன் நிழல், மேல்நோக்கிக் கை நீட்டும் ஆசிரியைகள், ஓரத்தில் சிவப்புச் சட்டை, இரண்டு கரையும். மூலையில் பருந்தின் சிறகு பொன்னாக விரிந்திருந்தது. இருபது வருடத்தில் நான் எடுத்த எல்லா லட்சுமிகளும் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இத்தனைக்கும் இதை நானும் எடுக்கவில்லை. அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“வாங்க போயிருவோம். யாரும் பாக்கல” என்றேன்.

“நான் கண்டன்தானே” என்றார் தவராசா, ரொம்ப இயல்பாக.

“நான் பொலிசுக்குப் போறன்” என்றார் ஜெனிற்றா.

எனக்குக் கோபம் வந்தது. பிடிபடாத ஒருவர் தானாகப் போய்க் கழுத்தை நீட்டுவதை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. பதிவு போனால் என்ன செய்வீர்கள், மறுபடியும் தையல் மிஷினா என்று சத்தம் போட்டேன். ஜெனிற்றா ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டு வந்தார்.

“வலை போனாலே அவங்க வந்து சொல்ற. நான் பறக்கவிட்ட சாமானுக்கு நான் சொல்லாம போனா, மறுகா எந்த முகத்தோட இந்த வாவிக்கு மேல ஏத்துவன்?”

தவராசா சாட்சிக்கு வருவதாகச் சொல்லி, நாங்கள் பிடித்த ஆட்டோவில் ஏறிக்கொண்டார். வழியில் மண்டூர் முருகன் கோயில் கோபுரம் தெரிந்தது. அங்கே பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வாராம். அதைச் சொன்ன கையோடு ஜெனிற்றா, “அண்ணன், நீங்களும் உள்ளுக்க வாய் துறக்கப்படாது” என்றார். தலையாட்டினேன்.

நிலையத்தில் இருந்த சார்ஜன்ட் தமிழர். கதையைக் கேட்டுவிட்டுப் பெரிய புத்தகத்தைத் திறந்தார். பேனா நின்றுவிட்டது.

“என்னெண்டு பதியிற? களவும் இல்ல. விபத்து எண்டா யாருக்கு அடி? தொலைஞ்சது எண்டா கையில வெச்சிரிக்கிறீங்க.”

“மாடு அடுத்தவன்ட வயலுக்க போனாப் பதிவீங்களே, அதுல போடுங்க” என்றார் தவராசா.

அப்படியேதான் போட்டார். பிறகு ஜெனிற்றா நீட்டிய கோப்பைப் புரட்டி, முகம் மாறி, எச்சரிக்கைக் கடிதத்தைக் கையில் எடுத்தார். இதைக் கொழும்பில் ட்ரோன் பதிவு செய்கிறவர்களுக்குச் சொல்லாமல் விட முடியாது என்று தொலைபேசியில் எண்ணை அழுத்தினார். சிங்களத்தில் பேச்சு நீண்டது. ஜெனிற்றா தலை குனிந்தபடி எனக்கு மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். ‘பருந்து அடித்தது என்கிறார்… தானாக வந்து சொன்னார் என்கிறார்… அவர்கள் கோப்பை எடுக்கிறார்கள்.’

 பிறகு சார்ஜன்ட் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“கம்புக்கு இங்கால வந்த பொறகு படம் எடுத்ததா எண்டு கேக்காங்க.”

ஜெனிற்றாவுக்குத் தெரியாது. அவர் பார்த்தது உடைந்த இறக்கையை மட்டும்தான். “இல்ல” என்று அவர் நம்பிச் சொல்லிவிடுவார், அது பொய்யாகிவிடும், அந்தப் பொய் என் சட்டைப் பைக்குள் இருக்கிறது. பிறகு அந்தப் படம் ஆயிரக்கணக்கில் அச்சாகி, இரண்டு கரையின் சுவர்களிலும் தொங்கும். யாராவது ஒருவர் உற்றுப் பார்த்தால் போதும். இவ்வளவையும் நான் நிதானமாக யோசித்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பெண்ணின் குனிந்த தலையைப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

“ஒரு படம் இருக்கு சார்” என்று அட்டையை மேசையில் வைத்தேன்.

ஜெனிற்றா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சார்ஜன்ட் படத்தைக் காட்டச் சொன்னார். போனில் போட்டுக் காட்டினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். “அம்மாடி…” என்றார் தவராசா. சார்ஜன்ட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். தொலைபேசியில் யாரோ இன்னும் காத்திருந்தார்கள்.

“அழிக்கோணும்” என்றார் கடைசியில், அவருக்கே மனமில்லாத குரலில்.

ஜெனிற்றா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அழுத்தினது நான்தான். நிச்சயமா என்று போன் கேட்டது. நிச்சயம் என்று அதையும் அழுத்தினேன். அட்டையைக் கழற்றி ஜெனிற்றாவிடம் கொடுத்தேன்.

சார்ஜன்ட் பொத்தியிருந்த கையை எடுத்து மறுபடி பேசினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் இரண்டு முறை தலையசைத்துவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

“தானா வந்து சொன்னது எண்டு பதிஞ்சிட்டாங்க. எச்சரிக்கை இல்ல, ஒண்டும் இல்ல. பதிவு அப்பிடியே இரிக்கும். நாளைக்குக் கடிதம் ஒண்டு கொண்டு வாங்க, எங்கட பக்கத்துக்கு ஐயாட்ட ஒப்பம் வாங்கித் தாறன்.”

ஜெனிற்றா வெளியே வந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார். தவராசா வீட்டில் பால் இல்லாத பிளேன்ரீயும், அவர் மனைவி வைத்த நண்டுக் கறியும் கிடைத்தன. கை கழுவினபோது பகல் இரண்டு மணி.

நான்காம் நாள் இரண்டு கரைக்கும் இரண்டு கடிதத்தோடு, புது இறக்கை மாட்டிய ட்ரோன் ஏறியது. வானம் மூடியிருந்தது. பருந்து வரவில்லை. பாதை போயிற்று, படமும் எடுத்தோம். நல்ல படம், இரண்டு கரையும் இருக்கிறது. ஹாஜியார் பார்த்து, “மாஷா அல்லாஹ், இதுதான்” என்றார். எனக்குத்தான் தெரியும் எது என்று. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நாட்காட்டி அச்சாகி வந்து ஒரு மாதமாகிறது. போன வாரம், அவருக்கு அனுப்பிய கட்டு போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஜெனிற்றாவைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓயும்போதுதான் எடுத்தார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், அதற்கு மேலே யாரோ கூப்பிடும் குரல்கள்.

“அண்ணன், படுவான்கரையில ஒரு வட்டையில நிக்கிறன். அறுவடைப் படம். அந்த சார்ஜன்ட்தான் இவங்களுக்கு என்ட நம்பரைக் குடுத்திரிக்கார். மறுகா எடுக்கிறன், இப்ப மேல ஏத்திட்டன்!”

வைக்கிற அவசரத்தில் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது. தேனீக் கூட்டம்போல அந்த ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் போனை வைக்காமல் அச்சகத்து வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.